ஆவணக் காப்பகப் பணியும் தேர்ச்சிச் சட்டகமும்: தமிழ் கற்றோர்க்கு ஒரு வாயில்



தமிழை விரும்பிக் கற்கும் மாணவர் ஒருவர், "இதனைக் கொண்டு எத்தொழிலுக்குச் செல்லலாம்?" என்று கேட்டால், நாம் வழக்கமாகக் கூறும் விடைகள் மூன்று: ஆசிரியப் பணி, ஊடகப் பணி, மொழிபெயர்ப்புப் பணி. மூன்றும் சிறந்தவையே. நான்காவதாக ஒரு துறையும் உண்டு. ஆவணக் காப்பகப் பணியும் பதிவேட்டு மேலாண்மையும் சேர்ந்த துறை அது. அத்துறையில் ஒருவர் எவ்வாறு நுழைவது, நுழைந்தவர் எவ்வாறு உயர்வது என்பதை வகுத்துக் காட்டும் கருவிக்குத் 'தேர்ச்சிச் சட்டகம்' என்று பெயரிடலாம். அக்கருவி எத்தகையது? அதனை எவ்வாறு பயன்படுத்துவது? அதில் தமிழறிவுக்கு இடம் எங்கே? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இப்பொழிவின் நோக்கம்.

மூன்றாம் வினாவே நம்மை இப்பொருளிடம் அழைத்து வந்தது. சட்டகத்தில் பெயர் பெறாத திறனுக்கு வேலை விளம்பரத்தில் இடம் கிடைப்பதரிது. பயிற்சி வகுப்பு அமைவதரிது. அத்திறன் கைவரப்பெற்றவர் ஓய்வு பெற்றபின் அவ்விருக்கைக்கு மற்றொருவர் வருவதும் அரிது. ஆகவே இது ஒருவருடைய வேலை வாய்ப்போடு முடிந்துவிடும் செய்தி அன்று. நம் சமூகத்தின் எழுத்துச் சான்றுகள் நாளை படிக்கப்படுமா என்பதும் இதனைப் பொறுத்தது.

1. பணியின் இயல்பு

ஆவணம் என்றவுடன் பழைய ஓலையும் செல்லரித்த தாளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓர் ஆவணத்தின் வாழ்வு அலுவலக மேசையில் தொடங்குகிறது. ஒரு தமிழ்ச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். செயற்குழு கூடுகிறது, செயலாளர் கூட்டக் குறிப்பு எழுதுகிறார், பொருளாளர் பற்றுச்சீட்டுகளைக் கோப்பில் இடுகிறார், ஆண்டு விழாவின் ஒளிப்படங்கள் எவரோ ஒருவருடைய கைப்பேசியில் தங்கிவிடுகின்றன. இவற்றுள் எதனை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது, எதனை முறைப்படி அழிப்பது, எதனை என்றென்றும் காப்பது என முடிவு செய்து ஒழுங்கு செய்வது பதிவேட்டு மேலாண்மை. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் தன் கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகளும், மலேசியாவில் 7 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அக்காலம் கழிந்தபின் பற்றுச்சீட்டை அழிக்கலாம். சங்கத்தின் முதற்கூட்டக் குறிப்பை அழிக்கலாகாது. இவ்வேறுபாட்டை அறிந்து, காரணத்தோடு எழுதி வைப்பது ஒரு திறன்.

என்றென்றும் காக்கத்தக்கவை எனத் தெரிந்தெடுத்தவற்றை ஏற்று, அவை எவரிடமிருந்து எவ்வரிசையில் வந்தனவோ அவ்வரிசை குலையாமல் அடுக்கி, விவரக் குறிப்பு எழுதி, பழுதுறாமல் பேணி, நாடி வருவோர்க்கு எடுத்துக் கொடுப்பது ஆவணக் காப்பகப் பணி. பன்னாட்டுத் தர நிறுவனம் 2001இல் வெளியிட்டு 2016இல் திருத்திய பதிவேட்டு மேலாண்மைத் தரம், நல்ல ஆவணத்திற்கு நான்கு பண்புகளைக் கூறுகிறது: அது போலியன்றி உரியவரால் உருவாக்கப்பட்டதாதல், நிகழ்ந்ததை நம்பத்தக்க வகையில் காட்டுதல், சிதைவும் மாற்றமும் இன்றி முழுமையாக இருத்தல், தேடி எடுத்துப் பயன்படுத்தத்தக்கதாதல். இந்நான்காம் பண்பை மாணவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். இப்பொழிவின் பின்பகுதி அதனைச் சுற்றியே அமையும்.

இப்பணியை மேற்கொள்ளும் பொது நிறுவனங்கள் நம் இரு நாடுகளிலும் உள்ளன. சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகம் 1968இல் தோன்றிய அமைப்பிலிருந்து வளர்ந்தது. வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கப்பெற்றது. காப்பகம் 2012 முதல் தேசிய நூலக வாரியத்தின் ஒரு பகுதி. மலேசியாவில் 1957இல் தொடங்கிய அமைப்பு இன்று 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி இயங்குகிறது. இவையன்றி வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், சட்ட நிறுவனம், கோயில் நிருவாகம் எனப் பதிவேடு உள்ள இடமெல்லாம் இப்பணியும் உண்டு.

பதிவுப் பணியைத் திறன்வாரியாகப் பிரித்து ஆளமர்த்துவது நம் மரபுக்குப் புதிதன்று. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செய்தியை லைடன் செப்பேடுகள் கூறுகின்றன. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை, ஓலையில் எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, வரிக் கணக்கில் பதிவாகி, அதன்பின்னரே நடைமுறைக்கு வந்தது. திருமந்திர ஓலை, திருமந்திர ஓலை நாயகம், வரிப்பொத்தகம், முகவெட்டி எனச் சோழர் கால ஆவணங்களில் வரும் பதவிப் பெயர்கள், எழுதுபவர் வேறு, ஒப்புநோக்குபவர் வேறு, பதிவேட்டைக் காப்பவர் வேறு என்பதை உணர்த்துகின்றன. இக்காலச் சட்டகங்களும் இவ்வாறே பணியைப் பகுத்துக்கொண்டு தொடங்குகின்றன.

2. தகுதி, திறன், தேர்ச்சி

மொழியியலார்க்குச் சொல்லை ஆராயாமல் மேற்செல்ல மனம் வராது. தகுதி, திறன், தேர்ச்சி என்னும் மூன்று சொற்களையும் நாம் பேச்சில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆள்கிறோம். இத்துறையில் அவற்றைப் பிரித்தாளுதல் நலம். பட்டம், சான்றிதழ் ஆகியவை தருவது தகுதி. ஒரு செயலைச் செய்யும் வல்லமை திறன். அறிவும் திறனும் மனப்பாங்கும் ஒருங்கே சேர்ந்து, உண்மையான பணியில் பிறர் கண்டு ஒப்பும்படி வெளிப்படுவது தேர்ச்சி. 'தேர்' என்னும் வினைக்கு ஆராய்தல் என்பது பொருள். ஆகவே தேர்ச்சி என்பது ஆராய்ந்து ஏற்கப்பட்ட வல்லமை. இலங்கையின் பாடத்திட்டங்களில் இச்சொல் இப்பொருளிலேயே வழங்குகிறது. இங்கு நாம் இதனைத் தேர்வில் வெற்றி பெறுதல் என்னும் பொருளில் மிகுதியாக ஆள்வதால், இவ்விளக்கம் தேவையாயிற்று.

மொழியியலிலும் இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நோம் சோம்சுகி 1965இல், மொழி பேசுவோன் உள்ளத்தில் இருக்கும் மொழியறிவையும் அவன் வாய்ப்பேச்சில் வெளிப்படும் மொழிப் பயன்பாட்டையும் வேறுபடுத்தினார். டெல் ஹைம்சு, இலக்கண அறிவு மட்டும் போதாது, எவரிடம் எப்போது எதனை எவ்வாறு பேசுவது என்னும் அறிவும் வேண்டும் என வாதிட்டார். வேலை உலகில் 1973இல் உளவியலார் டேவிட் மெக்கிளெலண்ட், அறிவுக்கூர்மைத் தேர்வுகளைக் காட்டிலும் பணிக்குரிய தேர்ச்சியையே அளந்தறிதல் வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழிகளுக்கான பொதுச் சட்டகம், மொழி கற்போரை ஆறு படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியிலும் 'இவரால் இன்னது செய்ய இயலும்' என்னும் வாய்பாட்டில் வரையறை தந்தது.

ஆசிரியர்களுக்கு இவ்வாய்பாடு பழகியதே. 'மாணவர் பத்தியின் மையக்கருத்தைக் கண்டறிந்து கூறுவர்' என்று பாட நோக்கம் எழுதுகிறோம். 'மாணவர் மையக்கருத்தை அறிவர்' என்று எழுதினால், அறிந்ததை எவ்வாறு காண்பது என்னும் வினா எழும். தேர்ச்சிச் சட்டகத்தின் உயிர்நாடி இதுவே. அதன் ஒவ்வொரு வரியும் கண்ணால் காணத்தக்க ஒரு வினைச்சொல்லில் முடிதல் வேண்டும்.

3. வழக்கில் உள்ள சில சட்டகங்கள்

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மா என்னும் பன்னாட்டு அமைப்பு, பதிவேட்டு மேலாண்மைக்கான அடிப்படைத் தேர்ச்சிகளை 2007இல் வெளியிட்டது. அலுவல் நடைமுறை, பதிவேட்டு நடைமுறை, இடர் மேலாண்மை, தொடர்பாடல், தகவல் தொழில்நுட்பம், தலைமைத்துவம் என ஆறு களங்களும், ஒவ்வொன்றிலும் நான்கு படிகளும் அதில் உள. அமெரிக்காவில் 1989இல் தோன்றிய சான்றுபெற்ற ஆவணக் காப்பாளர் கழகம், பணியை ஏழு களங்களாக வகுத்து, அவற்றின் அடிப்படையில் தேர்வு நடத்துகிறது. தெரிந்தெடுத்து மதிப்பிடல், அடுக்கி விவரித்தல், பயனாளர்க்கு உதவல், பேணிக் காத்தல், மக்களிடம் கொண்டு செல்லல், காப்பகத்தை நடத்துதல், அறமும் சட்டமும் பேணல் என்பன அவை. ஒருமுறை பெற்ற சான்று 5 ஆண்டுகளே செல்லும்; பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்திலும் அயர்லாந்திலும் செயற்படும் ஆவணக் காப்பகங்கள், பதிவேடுகள் சங்கம், தேர்ச்சிகளை நிறுவனம் சார்ந்தவை, பணிமுறை சார்ந்தவை, பயனாளர் சார்ந்தவை என மூன்றாகத் தொகுத்து, ஐந்து படிகளில் வரையறுத்துள்ளது. அச்சங்கத்தில் ஒருவர் அடிப்படை உறுப்பினர், பதிவுபெற்ற உறுப்பினர், மதிப்புறு உறுப்பினர் என்னும் மூன்று நிலைகளில் உயரலாம். உயர விரும்புவோர் தம் பணிச் சான்றுகளைத் தொகுத்து அளிக்கின்றனர்.

சிங்கப்பூரில் 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின் வாயிலாகத் 'திறன் கட்டமைப்பு' என்னும் தொடர் பணியாளர்க்குப் பழகிவிட்டது. ஆகவே இக்கருவியின் உருவம் நமக்குப் புதிதன்று. ஒரு பக்கம் பணிக்கூறுகள், மறுபக்கம் படிகள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு செயல் வரையறை. அவ்வளவே.

4. சட்டகத்தில் விடுபட்ட வரி

இச்சட்டகங்கள் பெரும்பாலும் ஆங்கிலமே அலுவல் மொழியான சூழலில் உருவானவை. ஆவணத்தின் மொழியைக் காப்பாளர் படிப்பார் என்பது அவற்றில் சொல்லாமலே கொள்ளப்பட்ட ஒன்று. நான்கு மொழிகள் வழங்கும் நாட்டில் அவ்வாறு கொள்ள இயலாது. மொழியறிவைத் 'தொடர்பாடல்' என்னும் பொதுத் தலைப்பில் அடக்கிவிட்டால், வாடிக்கையாளரிடம் இன்முகத்தோடு பேசும் திறனும் நூறாண்டுக்கு முற்பட்ட கணக்கேட்டைப் படிக்கும் திறனும் ஒரே வரியில் அடங்கிவிடும். தமிழ் ஆவணத்தை விவரிக்க எத்தகைய அறிவு வேண்டும் என்பதற்கு நான்கு சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது, பெயர். தமிழில் பகரம் ஓரெழுத்து. இடத்திற்கேற்ப அதன் ஒலி வல்லெனவும் மெல்லெனவும் வேறுபடும். ஆங்கிலத்தில் அவ்வொலிகளுக்கு ஈரெழுத்துகள். ஆகவே சுப்பிரமணியம் என்னும் ஒரே பெயரைக் காலனித்துவக் கால எழுத்தர்கள் தத்தம் செவிக்கு எட்டியவாறு பலவகையாக எழுதினர். மேலும், தமிழர்க்குக் குடும்பப் பெயர் இராமை பொது வழக்கு. 'இராமசாமி மகன் சுப்பிரமணியம்' என்பதில் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயர் எனவோ, முதற்சொல்லை இயற்பெயர் எனவோ கருதி அகரவரிசையிட்டால், தந்தையும் மகனும் இடம் மாறுவர். செட்டியார் ஆவணங்களில் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகள் 'விலாசம்' எனப்படும். அவை ஒரு தொழிற்குடும்பத்தைச் சுட்டுவன. தேவையற்ற முதலெழுத்துகள் எனக் கருதி அவற்றை நீக்கினால் ஒரு நிறுவனத்தின் வரலாறே துண்டிக்கப்படும்.

இரண்டாவது, காலமும் எண்ணும். ஒரு கடிதத்தில் 'குரோதி ஆண்டு ஐப்பசித் திங்கள்' என்று மட்டும் இருப்பின், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம். தாள், மை, எழுத்து வடிவம், பேசப்படும் செய்தி ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். பந்துமுனைப் பேனாவால் எழுதியிருப்பின் அது 1904 ஆகாது. பேரேடு, வட்டிச்சிட்டை, ஐந்தொகை என்னும் கணக்கேடுகளைத் திறந்தால், தமிழ் எண்களும் கீழ்வாய் இலக்கப் பெயர்களும் எதிர்ப்படலாம். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று; மாகாணி பதினாறில் ஒன்று; மா இருபதில் ஒன்று; முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றை அறியாதவர் கணக்கேட்டை 'தமிழ்க் கையெழுத்து நூல், ஒன்று' என்று எழுதி மூடிவிடுவார்.

மூன்றாவது, பேச்சு. வாய்மொழி வரலாற்று நேர்காணலை எழுத்து வடிவில் தரும்போது, தமிழ் படித்தோர்க்கு ஒரு பழக்கம் குறுக்கிடும். 'வந்தாங்க' என்று கேட்டதை 'வந்தார்கள்' என்று எழுதிவிடுவர். பேசியவரின் வட்டார வழக்கும் அவர் தலைமுறையின் மலாய்க் கலப்பும் அவ்விடத்தில் அழிந்துபோகும். 'சுண்ணாம்புக் கம்பம்' என்பதைக் கேட்டு, சுண்ணாம்பு பூசிய தூண் என்று எழுதியவர் எழுத்தைக் கேட்டார், இடத்தை அறியவில்லை. கம்பம் என்பது மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் வந்த பெயர் அது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முன்னோர் அழைத்தனர்.

நான்காவது, கணினி. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியீட்டில் இயங்கின. நா. கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவில் உருவான முரசு அஞ்சல் முதலியவற்றை மூத்த ஆசிரியர்கள் அறிவர். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடும், 1999இல் சென்னையில் கூடிய மாநாடும் இச்சிக்கலை ஆராய்ந்தன. அக்காலத்துக் கோப்பொன்றை இன்று திறந்தால், திரையில் பொருளற்ற குறிகளே தோன்றக்கூடும். அது பழுதான கோப்பு அன்று. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது எனக் கண்டு மாற்றினால் மீளும். பழுது எனக் கருதி அழிப்பவர் அதனை மீளா உலகிற்கு அனுப்பிவிடுவார்.

இந்நான்கு சான்றுகளிலும் ஆவணம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எனினும், தேடுபவர்க்கு அது கிடைப்பதில்லை. முன்னர்க் கூறிய நான்காம் பண்பு இங்கே தவறிவிடுகிறது. ஆதலால், தமிழ் ஆவண வாசிப்பு என்பது பணியின் ஓரத்தில் வைக்கத்தக்க துணைத்திறன் அன்று; விவரித்தல் என்னும் நடுக்களத்திற்கு உரிய தேர்ச்சி.

5. ஒரு படிவரிசை

குறைசொல்லி நிற்றல் ஆகாது. விடுபட்ட வரியை நாமே வரைந்து காட்டுவோம். 'தமிழ் ஆவணங்களைப் படித்து விவரித்தல்' என்னும் தேர்ச்சிக்கு ஐந்து படிகள் கொள்ளலாம்.

முதற்படியினர், ஆவணத்தைச் சேதமின்றிக் கையாள்வர். அச்சிட்ட தமிழ்த் தலைப்பை எழுத்துப் பிசகாமல் படியெடுப்பர். பக்கங்களின் வரிசையைக் குலைக்காமல் எண்ணிடுவர்.

இரண்டாம் படியினர், அச்சு நூல், இதழ், அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு விவரக் குறிப்பு எழுதுவர். வகுத்துத் தந்த ஒலிபெயர்ப்பு முறைப்படி பெயர்களை எழுதுவர். தந்தை பெயரையும் இயற்பெயரையும் பிரித்துக் காட்டுவர்.

மூன்றாம் படியினர், கையெழுத்து ஆவணங்களைத் தாமே படிப்பர். தமிழ் ஆண்டு, திங்கள், எண் ஆகியவற்றை இக்கால வழக்கிற்கு மாற்றுவர். உறுதியாகப் படிக்க இயலாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், ஐயம் என அடையாளமிடுவர்.

நான்காம் படியினர், ஒரு தொகுப்பு முழுவதையும் மதிப்பிட்டு, எதனைக் காப்பது என்று காரணத்தோடு பரிந்துரைப்பர். பிறர் எழுதிய குறிப்புகளை ஒப்புநோக்கித் திருத்துவர். பெயர் வேறுபாடுகளை இணைக்கும் பட்டியலைப் பராமரிப்பர்.

ஐந்தாம் படியினர், நிறுவனத்திற்கு நெறிமுறை வகுப்பர், பயிற்சி அளிப்பர், பிற மொழிக் காப்பாளர்களோடு அமர்ந்து பொது முறையை உருவாக்குவர்.

ஒவ்வொரு படிக்கும் இடையே உள்ள தொலைவைக் கவனியுங்கள். முதல் இரண்டு படிகளில் பிறர் வகுத்த முறையைப் பின்பற்றுகிறோம். மூன்றாம் படியில் தாமே முடிவு செய்கிறோம். செய்ய இயலாத இடத்தை நேர்மையாகக் காட்டுகிறோம். நான்கிலும் ஐந்திலும் பிறருடைய முடிவுகளுக்குப் பொறுப்பேற்கிறோம். ஹியூபர்ட் டிரைஃபசு, ஸ்டூவர்ட் டிரைஃபசு என்னும் சகோதரர்கள் 1980இல் வகுத்த ஐந்துநிலைத் திறன்வளர்ச்சிக் கோட்பாடும், விதிகளைச் சார்ந்து நிற்கும் தொடக்க நிலையிலிருந்து சூழலறிந்து முடிவெடுக்கும் வல்லுநர் நிலை நோக்கிய வளர்ச்சியையே கூறுகிறது.

6. பயன்படுத்தும் முறை

சட்டகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் செய்யவேண்டியது தேர்வு. நாற்பது தேர்ச்சிகள் உள்ள பட்டியலில் நாற்பதையும் ஒருசேர வளர்க்க எவராலும் இயலாது. தாம் செய்யும் பணிக்கோ விரும்பும் பணிக்கோ உரிய ஐந்தாறு தேர்ச்சிகளை எடுத்துக்கொள்ளுதல் போதும்.

அடுத்தது, தம் நிலையைச் சான்றோடு குறித்தல். 'எனக்கு நன்றாக வரும்' என்பது சான்றாகாது. எந்த ஆவணத்தொகுதி, அதில் எதிர்ப்பட்ட சிக்கல் யாது, தாம் செய்தது யாது, விளைந்தது யாது, கற்றது யாது என ஐந்து வரிகளில் எழுதி, செய்த பணியின் படியை இணைத்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு சங்கத்தின் இசைவு பெற்று, ஒரு பெட்டி அழைப்பிதழ்களுக்குப் பட்டியல் எழுதுகிறார் எனக் கொள்வோம். வந்த வரிசையை முதலில் ஒளிப்படம் எடுக்கிறார்; துருப்பிடித்த ஊசிகளை அகற்றுகிறார்; பென்சிலால் எண்ணிடுகிறார்; தலைப்பு, நாள், இடம், நடத்தியவர் என நான்கு பத்திகளில் எழுதுகிறார்; நாள் தெரியாதவற்றுக்கு அதனைத் தெரியாது என்றே குறிக்கிறார். அப்பட்டியலும் ஐந்து வரிக் குறிப்பும் முதற்படி முழுமைக்கும் இரண்டாம் படியின் ஒரு பகுதிக்கும் சான்றாகும். நேர்முகத் தேர்வில் 'தமிழில் ஆர்வம் உண்டு' என்று கூறுவதைக் காட்டிலும், அப்பட்டியலை எடுத்து வைப்பது வலிமையுடையது.

இத்தகைய பயிற்சிக்குக் களம் இல்லாமல் இல்லை. தேசிய ஆவணக் காப்பகம் 2015இல் தொடங்கிய குடிமக்கள் ஆவணக் காப்பாளர் திட்டம், கையெழுத்து ஆவணங்களைப் படியெடுக்கவும் ஒளிப்படங்களுக்கு விளக்கம் எழுதவும் பொதுமக்களை அழைத்தது. வீட்டிலுள்ள தாத்தாவின் கடிதக் கட்டும் ஒரு களமே.

மூன்றாவது, இடைவெளியைக் காணுதல். தாம் நாடும் பணியின் விளம்பரத்தை எடுத்து, அது கேட்கும் படிக்கும் தாம் நிற்கும் படிக்கும் உள்ள தொலைவை அளத்தல் வேண்டும். தமிழில் மூன்றாம் படியில் நிற்கும் ஒருவர், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறியாமல் இருக்கலாம். மின்னணுக் கோப்பைப் பேணும் முறை அறியாமல் இருக்கலாம். தமிழறிவு மட்டும் ஒருவரைக் காப்பாளர் ஆக்காது என்பதையும் சட்டகமே காட்டிக்கொடுக்கும். அது நன்றே.

நான்காவது, ஓராண்டில் ஒன்றோ இரண்டோ தேர்ச்சிகளை மட்டும் குறிவைத்து முயலுதல். ஐந்தாவது, தம் மதிப்பீட்டைப் பிறர் ஒருவரிடம் காட்டுதல். தொடக்கநிலையினர் தம்மை மிகுத்தும், பழுத்த அனுபவம் உடையோர் தம்மைக் குறைத்தும் மதிப்பிட்டுக்கொள்வது உண்டு. பணியறிந்த மற்றொருவரின் கண் இரண்டையும் நேர்செய்யும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் மாணவர் செய்யும் செய்திட்டப் பணி ஒன்றனையேனும் ஓர் உண்மை ஆவணத்தின்மீது அமையுங்கள். பழைய நாளிதழின் ஒரு பக்கம், ஒரு திருமண அழைப்பிதழ், பாட்டியிடம் எடுத்த ஒரு மணி நேர நேர்காணல் எதுவாயினும் சரி. பாட்டியின் பேச்சை அவர் பேசியவாறே எழுதச் செய்யுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றிய வடிவத்தைத் தனித்தாளில் எழுதச் செய்யுங்கள். இரட்டை வழக்கைப் பற்றிய பாடமும் ஆவண நேர்மையைப் பற்றிய பாடமும் ஒரே பயிற்சியில் நிறைவுறும்.

7. சில எச்சரிக்கைகள்

எக்கருவியும் தவறாகக் கையாளப்படக்கூடும். சட்டகத்தைக் கட்டம்தோறும் குறியிடும் படிவமாக ஆக்கிவிட்டால், சான்று சேர்ப்பதே பணியாகி, பணி பின்தங்கும். ஆண்டுக்கு ஒருமுறை அமர்ந்து எண்ணிப் பார்த்தற்கு உரியது அது. நாள்தோறும் நிரப்புதற்கு உரியது அன்று.

இரண்டாவதாக, மேற்படி என்றால் பலரை மேலாளுதல் என்றே பல சட்டகங்களில் பொருள் வந்துவிடுகிறது. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் கையெழுத்து வாசிப்பிலேயே ஆழ்ந்து, எவரையும் மேலாளாமல், வல்லுநராதல் கூடும். அவருக்குரிய ஊதிய உயர்வும் மதிப்பும் தனி வழியாக அமைதல் வேண்டும். இன்றேல், சிறந்த வாசகரைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்க அனுப்பிவிட்டு, கணக்கேட்டைப் படிக்க ஆளின்றி நிற்போம்.

மூன்றாவதாக, சட்டகம் எழுதப்பட்ட நாளோடு முடிவதன்று. எழுத்துருக் குறியீட்டுச் சிக்கல் ஐம்பதாண்டுகளுக்கு முன் எவருடைய பட்டியலிலும் இருந்திராது. இன்று கையெழுத்தைக் கணினியே படிக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. நாளை அப்படிப்பைச் சரிபார்க்கும் தேர்ச்சி வேண்டப்படும். சரிபார்ப்பவர் கணினியைவிட நன்கு படிக்க வல்லவராய் இருத்தல் வேண்டும் என்பதனை மறத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! நம் சங்கங்களிலும் கோயில்களிலும் இல்லங்களிலும் படிப்பார் இன்றி இருக்கும் தமிழ்த் தாள்களை எண்ணிப் பாருங்கள். அவற்றைப் படித்து, இன்னது இன்ன நாளில் இன்னாரால் எழுதப்பட்டது என்று ஒரு வரி எழுதி வைக்கும் திறன் உங்களிடம் வளரத்தக்கது. அத்திறனுக்குப் பெயர் கொடுங்கள், படி வகுத்துக்கொள்ளுங்கள், சான்று சேருங்கள். வேலை தருவோர் கேட்கும்போது, அவர்களுக்கு விளங்கும் சட்டக மொழியில் அதனை எடுத்துக் கூறுங்கள். ஆசிரியர்களும் மொழி மன்றமும் காப்பகங்களோடு அமர்ந்து, மேலே வரைந்த ஐந்து படிகளைத் திருத்தி நிறைவு செய்வார்களாயின், விடுபட்ட அவ்வரி சட்டகத்தில் ஏறும்.